மறு: பெப்டைடுக்குத் தமிழ்ச்சொல் – ‘புரதத் துணுக்கு’ சரியா?

அன்புள்ள குழுமத்தினருக்கு,

தோல் பராமரிப்புக் கையேட்டுக்காக அம்மையார் முன்மொழிந்த ‘புரதத் துணுக்கு’ எளிய சொல்தான். ஆனால் பெப்டைடு என்பது புரதங்களின் அடிப்படை அலகான அமினோ அமிலங்கள் சில கோத்த சிறுதொடர்; அந்தப் பொதுப்பெயருக்குத் ‘துணுக்கு’ பொருந்தாது. துணுக்கு என்றால் பெரிய ஒன்றிலிருந்து உடைந்தது. குளுட்டாதயோன் என்ற பெப்டைடோ மூன்று அமினோ அமிலங்களைக் கோத்து உடல் நேரடியாக உருவாக்குவது; எந்தப் புரதத்திலிருந்தும் உடைந்து வந்ததன்று. வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1902-இல் இட்ட பெயரின் கிரேக்க வேருக்குச் ‘செரித்தல்’ என்று பொருள். அதைத் தமிழாக்கினால் குழப்பமே மிஞ்சும். பாடநூல்களில் ஊன்றிவிட்ட ‘பெப்டைடு’ அப்படியே இருக்கட்டும்.

நம் உழைப்பு தேவைப்படுவது உட்பிரிவுகளில். முகச்சுருக்கக் களிம்புகளில் சேர்க்கும் ஒரு வகையை அழகுப்பொருள் துறையினர் ‘சிக்னல் பெப்டைடு’ என்கிறார்கள். செல் உயிரியலில் அதே பெயர் வேறொன்றைக் குறிக்கிறது: புதிதாக உருவாகும் புரதம் செல்லுக்குள் எங்கே போகவேண்டும் என்று காட்டும் முனைத்தொடர். புரதங்களுக்குள் இருக்கும் இத்தகைய வழிகாட்டுதலைக் கண்டறிந்ததற்காகவே குந்தர் புளோபெல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டுக்கும் ‘சமிக்ஞைப் பெப்டைடு’ என்று எழுதினால், ஆங்கிலத்தில் உள்ள குழப்பத்தை நாமே விலைகொடுத்து வாங்குவதாகும்.

களிம்பில் நடப்பதைப் பாருங்கள். தோலுக்கு உறுதி தரும் புரதமான கொல்லாஜன் சிதையும்போது வெளிப்படும் சில சிறுதொடர்கள், அடித்தோலில் உள்ள செல்களைப் புதுக் கொல்லாஜன் செய்யத் தூண்டுகின்றன. லைசின், திரியோனின், திரியோனின், லைசின், செரின் என்ற ஐந்து அமினோ அமிலங்களின் தொடர் அப்படிப்பட்டது. முதல்வகைக் கொல்லாஜனின் முன்வடிவத்தில் இருப்பது. நீரை நாடும் அத்தொடர் கொழுப்பு நிறைந்த மேல்தோலைக் கடப்பது கடினம். அதனால் பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை அதனுடன் பிணைக்கிறார்கள். 2005-இல் வெளியான 12 வார ஆய்வு ஒன்றில், பத்து லட்சத்தில் 3 பங்கு என்ற அளவிலேயே சுருக்கங்கள் ஓரளவு குறைந்தன. ஆகவே ‘தூண்டு பெப்டைடு’ என்பது என் முன்மொழிவு. செம்பை ஏந்திச் செல்லும் நீலநிறத் தொடருக்கு ‘ஏந்து பெப்டைடு’.

தசைக்குச் செல்லும் நரம்புச் செய்தியைக் குறைக்கும் பெப்டைடுகளுக்கு முன்மொழியப்பட்ட ‘நரம்பு முடக்கி’யை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். ஆர்ஜிரெலின் போன்ற அவ்வகைப் பெப்டைடுகள், தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் செய்திப்பொருளான அசெட்டைல்கோலின் வெளியேற உதவும் புரதக் கூட்டமைப்பு உருவாவதைத் தடுக்க முயல்கின்றன. போட்டாக்ஸ் ஊசியைப்போல ஒரு புரதத்தையே வெட்டிவிடுவதில்லை. மேலே பூசும்போது விளைவும் மிக மென்மையானது. ‘முடக்கி’ என்ற சொல் வாசகரை வீணாக அச்சுறுத்தும், அல்லது வீணாக நம்பவைக்கும். ‘நரம்புத்தணிப்புப் பெப்டைடு’ போதும்.

*

ஐயா,

‘துணுக்கு’ பற்றிய மறுப்பை ஏற்கிறேன். ‘தூண்டு பெப்டைடு’ வினைத்தொகை, வல்லினம் மிகாது. அச்சில் ‘தூண்டுப் பெப்டைடு’ ஆகிவிடாமல் காக்கவேண்டும். எனக்குள்ள தயக்கம் வேறு: தூண்டிய, தூண்டுகின்ற, தூண்டும் என்று முக்காலத்தையும் அது ஏற்பதால், எந்தக் களிம்பும் கட்டாயம் பலன் தரும் என்று பெயரே உறுதி கூறுவதுபோல் ஆகாதா?

*

அம்மா,

பெயர் அந்தத் தொடரின் வேலையைச் சொல்கிறது. களிம்பின் பலன் அது எவ்வளவு உள்ளே செல்கிறது என்பதைப் பொறுத்தது. இதைக் கையேட்டின் விளக்கத்தில் முதல் வரியாகவே சேர்த்துவிடலாம். உங்களுக்குச் சம்மதமென்றால் மூன்று சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.