ஒரே ஒரு பெண் வண்டை வைத்துப் புதுச் சிற்றினம் எழுதலாமா? (ஆப்பிரிக்க ஆமை வண்டுகள்)

கருவேலன்:
தான்சானியாவின் உசம்பரா மலைக்காட்டில் காசிடா பேரினத்து ஆமை வண்டு ஒன்று சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது ஒரே ஒரு மாதிரி (specimen), அதுவும் பெண். உயிரோடு எடுத்த படத்தில் தகதகவென்று பொன்னிறம். ஆப்பிரிக்கச் சிற்றினங்களுக்கு இருக்கும் திறவுகோல்கள் (பண்புகளை வைத்து அடையாளம் காணும் பட்டியல்கள்) எதிலும் அடங்கவில்லை. காத்திருக்காமல் புதுச் சிற்றினமாகப் பெயரிட்டு எழுதிவிடலாம் என்பது என் கட்சி. விலங்கியல் பெயரிடல் விதிகள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வேறுபடுத்தும் பண்புகளைச் சொல்லும் விவரிப்பு வேண்டும். 1999க்குப் பிறகு வரும் பெயர் என்றால் ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) எது, எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மின்வெளியீடாக மட்டும் வந்தால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு செய்து, அதற்கான சான்றைக் கட்டுரைக்குள்ளேயே தர வேண்டும். பத்து மாதிரி கொண்டுவா என்று எந்த விதியும் சொல்லவில்லை. காடு அழிகிற வேகத்தில் இரண்டாவது மாதிரி கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

பின்னூசி:
விதிப்படி பெயர் செல்லும், சரி. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சிற்றினம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி சார். பொன்னிறம்தான் முதல் பொறி. அது நிறமியால் வருவதில்லை. மேலோட்டின் மெல்லிய அடுக்குகள் ஈரத்தோடு இருக்கும்வரை ஒளியைத் திருப்புவதால் வருவது. செத்துக் காய்ந்தால் மஞ்சளோ பழுப்போதான் மிஞ்சும். 19ஆம் நூற்றாண்டில் ஸ்டாக்ஹோமில் பூச்சியியலாளர் போஹெமான் நூற்றுக்கணக்கான ஆமை வண்டுகளை விவரித்தது காய்ந்த மாதிரிகளைப் பார்த்துத்தான். அந்த விவரிப்புகளில் வெளிர் மஞ்சள் என்று இருப்பது உங்கள் பொன்வண்டாகவே இருக்கலாம். பழைய பெயர்களுக்கு ஆதாரமான டைப் மாதிரிகளை நேரில் பார்க்காமல் புதிது என்று சொல்ல முடியாது. வியன்னாவின் ஆமை வண்டு ஆய்வாளர் ஷ்பேத் சேர்த்தவை மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காங்கோ மாதிரிகளுக்கு பெல்ஜியத்தின் டெர்வூரன் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

கருவேலன்:
நிறத்தை நம்பி எழுதச் சொன்னது யார்? வடிவத்தை எழுதுங்கள். புரோநோட்டம் (முன்மார்பின் மேல்தகடு) எந்த இடத்தில் மிக அகலம், அதன் பக்க மூலைகள் கூரா வட்டமா, எலைட்ராவின் (கெட்டியான முன்சிறகுகள்) பத்துப் புள்ளி வரிசைகள் ஒழுங்காகப் போகின்றனவா குலைகின்றனவா, விரிந்த விளிம்பின் அகலம் என்ன, ஸ்குடெல்லத்துக்கு (சிறகுகளின் அடியில் உள்ள சிறு முக்கோணத் தகடு) பின்னால் மேடு உண்டா, உணர்கொம்பின் 11 கணுக்களில் அடியில் எத்தனை கணுக்கள் வழவழப்பு. நகத்தில் சீப்புப் பற்கள் இருந்தால் அஸ்பிடிமார்பா என்ற வேறு பேரினத்தின் பக்கம் தேட வேண்டும். இதெல்லாம் காய்ந்தாலும் மாறாது. 2015இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றைப் படங்களை மட்டும் வைத்தே புதுச் சிற்றினமாக வெளியிட்டார்கள், மார்லிமியா சைலோகோபே. அதோடு பார்த்தால் கையில் ஒரு வண்டு இருப்பது எவ்வளவோ மேல்.

பின்னூசி:
அந்த ஈ விவகாரத்தில் எத்தனை பேர் எதிர்த்து எழுதினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, நகத்தின் பற்களைப் படத்தில் எண்ண முடியாது. அட்டையில் குப்புற ஒட்டிய மாதிரியிலும் முடியாது. ஆமை வண்டை அப்படி ஒட்டினால் வாய், முன்மார்பின் அடித்தகடு, நகம் எல்லாம் கோந்துக்குள் போய்விடும். முக்கோண அட்டை முனையில், நீரில் கரையும் கோந்தால், பக்கவாட்டில் ஒட்டுங்கள்.

இலைத்துளை:
இரண்டு பேரும் வெளித்தோற்றத்திலேயே நிற்கிறீர்கள். பெண்தானே, ஸ்பெர்மத்தீக்காவை (பெண் வண்டு விந்தைச் சேமிக்கும் உறுப்பு) பாருங்கள். ஆமை வண்டுகளில் பல குழுக்களைப் பிரிப்பதற்கு அதன் கொக்கி போன்ற உறையும் குழாயும் உதவுகின்றன: குழாய் நீளமா குட்டையா, நேராகப் போகிறதா சுருள்கிறதா.

ஒரே ஒரு மாதிரி என்பதால் எதை முதலில் செய்வது என்பது முக்கியம். முதலில் டி.என்.ஏ., பிறகுதான் சுத்தம் செய்வது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்ட வயிற்றிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் எண்ணமே வேண்டாம். உலர்ந்த வண்டை இளஞ்சூடான நீரில் ஊறவிட்டு, வயிற்றைப் பின்பக்கத்திலிருந்து மெதுவாகக் கழற்றுங்கள். அதைப் புரோட்டினேஸ் கே (புரதத்தைக் கரைக்கும் நொதி) கலந்த கரைசலில் 56 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வையுங்கள். கரைசலில் டி.என்.ஏ. இறங்கும், தசையும் பெருமளவு கரைந்துவிடும். தசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் 10 சதவீத ஹைட்ராக்சைடில், குளிர்ச்சியாக, கண் வைத்தபடி. சூடாக்கி மறந்துவிட்டால் குழாய் கண்ணாடி மாதிரி ஆகி எங்கே முடிகிறது என்றே தெரியாது. வடிநீரில் ஒரு சொட்டு அசெட்டிக் அமிலம் விட்டுக் கழுவுங்கள், கார எச்சம் போகும். குளோரசால் பிளாக் சாயம் கொஞ்ச நேரத்துக்கு. அதிகமானால் எல்லாம் கறுத்து அடுக்கு பிரியாது. பிறகு கிளிசரினில் வைத்துப் படம். வேலை முடிந்ததும் கிளிசரின் நிரப்பிய குட்டிக் குப்பியில் போட்டு அதே ஊசியில் குத்திவிடுங்கள். தனிப் பெட்டியில் வைத்தால் பத்து வருடத்தில் எது எதனுடையது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

பின்னூசி:
வேலை சுத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிற்றினங்களை அடையாளம் காணப் பயன்படும் சி.ஓ.ஐ. என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் 658 எழுத்துகள் கிடைத்தாலும் ஒரே ஒரு வண்டின் டி.என்.ஏ. வரிசைதானே? சிற்றினத்துக்குள் எவ்வளவு மாறும் என்பதை அது எப்படிச் சொல்லும்? வோல்பாக்கியா என்ற, பூச்சிகளின் உடலுக்குள் வாழும் பாக்டீரியாவின் தொற்று இருந்தால் மைட்டோகாண்ட்ரியா வரிசை மரபு மரத்தில் கிளை மாறி நிற்கலாம். ஸ்பெர்மத்தீக்கா வடிவமும் பக்கத்துச் சிற்றினங்களின் பெண்களைத் திறந்து பார்த்திருந்தால்தான் பொருள் தரும். அவை பலவற்றுக்கு வெளித்தோற்ற விவரிப்பு மட்டுமே உண்டு.

கருவேலன்:
அப்படியானால் விவரிப்பே நடக்காது நண்பரே. எல்லாவற்றையும் திறந்து முடிக்கும்வரை இந்த வண்டு பெயரில்லாமல் பெட்டியில் கிடக்க வேண்டுமா? சிற்றினம் என்பதே ஒரு கருதுகோள். தவறென்றால் அடுத்தவர் அதை இணைப்பெயராக்கிவிட்டு (ஏற்கெனவே உள்ள சிற்றினத்தின் இன்னொரு பெயர் என்று சேர்த்துவிட்டு) போகட்டும்.

பின்னூசி:
இணைப்பெயராக்கும் வேலை யார் தலையில் விழுகிறது என்றுதான் கேட்கிறேன். பழைய பெயர்களை அவிழ்ப்பதிலேயே ஆப்பிரிக்க ஆமை வண்டு ஆய்வின் பாதிக் காலம் போயிருக்கிறது. போலந்து ஆய்வாளர் லெக் போரோவியெட்ஸ் 1990களில் தொடங்கி அந்த நிலப்பகுதியின் குழுக்களைத் தொகுதி தொகுதியாகத் திருத்தி எழுத வேண்டியிருந்தது சும்மா இல்லை.

இலைத்துளை:
செடியை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். ஆப்பிரிக்காவில் அஸ்பிடிமார்பா பெரும்பாலும் சர்க்கரைவள்ளிக் குடும்பத்துச் செடிகளில் இருக்கும். கொங்கிலோக்டீனியா என்ற இன்னொரு பேரினத்தில் சில, கத்தரிக் குடும்பத்துச் செடிகளில். பிடித்த செடியின் கிளை, பூவோடு அழுத்தி உலர்த்தி எண் போட்டு வைத்தால் அடுத்தவர் அதே செடியில் தேடி ஆணையும் பிடிப்பார். இளம்புழுக்கள் கிடைத்தால் சிலதை ஆல்கஹாலில் போடுங்கள். முதுகின் மேல் மடக்கிய வால்கவையில் (வால்நுனியின் கவட்டை போன்ற பகுதி) பழைய தோலும் எச்சமும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதே சில இடங்களில் தனிப் பண்பு. ஆல்கஹாலில் போடுமுன் படமெடுங்கள், அடுக்கு கலைந்துவிடும்.

கருவேலன்:
அதோடு ஏற்றுமதி அனுமதி எண்ணையும் கட்டுரையில் போடுங்கள். உயிரின வளங்களை எடுப்பதையும் பலனைப் பகிர்வதையும் பற்றிய நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தமான நகோயா நெறிமுறை 2014இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாத ஹோலோடைப்பை நல்ல அருங்காட்சியகம் ஏற்க யோசிக்கும்.

பின்னூசி:
அதில் சண்டையில்லை. மற்றதில் என் நிலை மாறவில்லை: நேரில் போக முடியாவிட்டால் டைப் மாதிரிகளின் படமாவது கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். அதுவரை லேபிளில் காசிடா, சிற்றினம் தீர்மானிக்கப்படவில்லை என்று இருக்கட்டும்.