பூச்சுக்குள் போன ஒயர்: பார்த்த பழுதுகள், பிடித்த காரணங்கள்

சுவருக்குள் பைப் பதித்து ஒயர் இழுக்கும் கன்சீல்டு ஒயரிங்கில் அடிக்கடி பார்க்கிற பழுது ஆணிப் பழுதுதான். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலே படம் மாட்ட ஆணி இறங்கியிருக்கும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து மாட்டினால் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) உடனே விழும், அது நல்ல காலம். ஃபேஸை மட்டும் தொட்டு நின்றால் சுவர் காய்ந்திருக்கும்வரை எதுவும் தெரியாது. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், ஆணி முழு வோல்டேஜோடு காத்திருக்கும். கை பட்டால் ஷாக் அடிக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (பூமிக்குக் கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருந்தால் சட்டென்று சப்ளையை அறுத்துவிடும், ஆளைக் காப்பாற்றுவது அதுதான். கண்டுபிடிக்கப் பாடாய்ப் படுத்துவது இன்னொரு வகை: ஒயரின் உறை மட்டும் கிழிந்திருக்கும். மழை பெய்து சுவர் ஈரம் குடித்ததும் ஆர்.சி.சி.பி. விழும், வெயில் வந்தால் தானாகச் சரியாகும்.

பெட்டி இருக்கும் இடத்திலிருந்து நேர் மேலே, நேர் கீழே, இரு பக்கமும் நேராகத் துளை போடாதீர்கள். ஒயர் இழுப்பவரும் அந்தக் கோடுகளை விட்டு விலகக் கூடாது. பைப் மிச்சமாகும் என்று சாய்வாகக் குறுக்கே கொண்டுபோனால், பின்னால் துளை போடுபவருக்கு அதை ஊகிக்க வழியே இல்லை.

*

ஒயர் இருக்கும் இடத்தைத் தொடாமல் காட்டும் டெஸ்டரை நம்பித் துளை போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது உயிரோடு இருக்கும் ஒயரை மட்டும்தான் காட்டும். சுவிட்ச் அணைந்திருந்தால் சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயர் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஈரச் சுவரில் எல்லா இடத்திலும் கத்தும். எல்லா சுவிட்சையும் போட்டுவிட்டுத் தேடுங்கள், இடத்தைக் குறியுங்கள், பிறகு மெயினை அணைத்துவிட்டுத் துளை போடுங்கள்.

புது வேலை என்றால் இதைவிட எளிய வழி உண்டு. பைப் பதித்து, கலவை பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் நேரே நின்று போட்டோ எடுங்கள். டேப்பைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் விரித்து வைத்து, அளவு படத்தில் தெரிகிற மாதிரி. ஒரு பிரதியை எம்.சி.பி.கள் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். போனில் மட்டும் இருந்தால் போன் மாறும்போது போய்விடும்.

*

பைப் பதிக்கச் சுவரில் காடி (பள்ளம்) வெட்டுவதில்தான் அவசரம் காட்டுகிறார்கள். செங்குத்துக் காடியின் ஆழம் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; படுக்கைவாட்டில் ஆறில் ஒரு பங்கு. நாலரை அங்குலச் சுவர் சுமார் 115 மி.மீ. என்றால் செங்குத்தில் 38, படுக்கையில் 19. 20 மி.மீ. பைப்பே அந்தப் படுக்கைக் காடிக்குள் அடங்காது, அதன்மேல் கலவைக்கு ஏது இடம்? மேலே ஏற்றி, கூரை வழியாகக் கடந்து, இறக்குங்கள். சுவரின் இரு பக்கமும் முதுகோடு முதுகாகப் பெட்டி வெட்டுவதும் இதே தவறுதான்.

கட்டரால் இரண்டு கோடு போட்டு, நடுவைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி எடுங்கள். 20 மி.மீ. பைப்புக்கு 35 மி.மீ. ஆழம் இருந்தால் மேலே 15 மி.மீ. கலவை நிற்கும். பைப்பை 60 செ.மீ.க்கு ஒரு இடத்தில் இறுக்கிப் பிடிக்க வைத்து, காடியை நனைத்து, 1:4 கலவையால் அடைத்து, மேலே கோழிவலை விரித்துப் பூசினால் கோட்டுக்குக் கோடு விரிசல் வராது. அதற்கு முன் பைப் வாய்களைப் பேப்பர் வைத்து அடைக்க மறக்காதீர்கள். உள்ளே விழுந்த ஒரு பிடிக் கலவை இறுகிவிட்டால் மறுபடி சுவரை உடைப்பதுதான் வழி. ஒயர் இழுப்பது பூச்சு காய்ந்த பிறகு.

*

மேலே சொன்னதோடு வளைவையும் சேர்க்க வேண்டும். கூர்மையாகத் திரும்பும் எல்போ இணைப்பு ஒட்டியிருந்தால் ஒயர் அங்கே உரசி உறை கிழியும். உள்ளே ஸ்பிரிங் விட்டுப் பைப்பையே வளைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் செங்கோண வளைவு இரண்டோடு நிறுத்துங்கள், மூன்றாவது தேவைப்பட்டால் அங்கே ஒரு பெட்டி வையுங்கள். 20 மி.மீ. பைப்பில் 2.5 சதுர மி.மீ. ஒயர் ஐந்தாறு போதும். இன்னும் திணிக்க இடம் இருக்கும், ஆனால் சூடு வெளியேறாது. ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனித்தனிப் பைப். இழுக்கும்போது டால்கம் பவுடர் போடலாம். கிரீஸும் எண்ணெயும் வேண்டாம், பி.வி.சி. உறையை அவை கெடுத்துவிடும். தெர்மோகோல் பலகையோடு ஒயர் ஒட்டிக் கிடந்தாலும் நாளடைவில் உறை விறைத்து வெடிக்கும்.

சரியாகப் போட்டதா என்று பார்க்க ஒரே சோதனை: பைப்பில் உள்ள ஒரு ஒயரை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் மறுமுனை அசைய வேண்டும்.

*

ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் பிடிக்கும் என்ற நம்பிக்கை தவறு. பைப்புக்குள் ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் தளர்ந்தால் அதுவும் பார்க்காது, எம்.சி.பி.யும் பார்க்காது. கணக்குப் போடுங்கள்: 15 ஆம்பியர் ஓடும் ஒயரில் ஜாயின்ட்டின் தடை 0.1 ஓம் என்றால் அந்த ஒரு புள்ளியில் 22.5 வாட் சூடு. சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்று சுவருக்குள் எரிவதற்குச் சமம். ஓடுகிற கரண்ட் அதே 15தான், பூமிக்குக் கசிவு இல்லை, பிறகு எது விழும்? பூச்சு மஞ்சளித்து, பிளாஸ்டிக் கருகிய வாடை வரும்போதுதான் தெரியும். ஜாயின்ட் எல்லாம் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள், திருகு இறுக்கும் கனெக்டரில்தான் இருக்க வேண்டும். அந்தப் பெட்டி மூடிமேல் பூச்சோ டைல்ஸோ போடுபவர்களைத் தடுப்பது தனி வேலை.

கடைசியில் மெகர், அதாவது ஒயர் உறையின் தடையை அளக்கும் கருவி. ஃபிட்டிங், டிம்மர், சர்ஜ் பாதுகாப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மெயின் அணைந்த நிலையில், 500 வோல்ட்டில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பாருங்கள். 1 மெகா ஓம் என்பது கீழ் எல்லை மட்டுமே. புது ஒயரில் நூற்றுக்கணக்கில் காட்ட வேண்டும். 2, 3 என்று காட்டினால் ஏதோ ஒரு பைப்பில் தண்ணீர் நிற்கிறது, அல்லது உறை கிழிந்திருக்கிறது. நடுப் பெட்டியில் லைனைப் பிரித்து இரண்டு பாதியையும் தனித்தனியாக அளந்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் பைப்பை முதலில் சந்தேகப்படுங்கள்.