தீபாவளிக்குப் போகும் பயிற்சிப் பொறியாளர்கள் திரும்பி வருவதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: குறிச்சி தொழிற்கூடத்தார்

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூர் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் தொழிற்கூடம் ஒன்றை நடத்திவருகிறேன். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து ஏறத்தாழ அறுபது பேர் வேலை செய்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ முடித்தவர்களில் நான்கைந்து பேரைப் பயிற்சிப் பொறியாளர்களாக எடுத்துக்கொள்வது வழக்கம். தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போகும் அவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. அழைத்தால் தொலைபேசியை எடுப்பதும் இல்லை.

இந்த வட்டாரத்தில் பிறர் தருவதைவிடக் குறைவாக நான் சம்பளம் தரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று என் சூப்பர்வைசர்கள் சொல்கிறார்கள். அந்த விடை எனக்குப் போதவில்லை, ஏனென்றால் ஐடிஐ முடித்து வரும் அதே வயதுப் பிள்ளைகள் இதே கூடத்தில் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கிறார்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்குப் பத்திரம் எழுதி வாங்கிவிடுமாறு நண்பர் ஒருவர் யோசனை சொல்கிறார். தனி மனிதவளத் துறை, பயிற்சி மையம் என்றெல்லாம் வைத்துக்கொள்ள எனக்கு வசதியில்லை. இந்த அளவுள்ள கூடத்தில் புதியவர்களுக்கு நாம் செய்யக்கூடியது என்ன?

பதில் 1: ஓசூர், ஓய்வுபெற்ற மனிதவள மேலாளர்

வணக்கம் ஐயா. உங்கள் கேள்விக்கான விடையின் பாதி, ஐடிஐ பிள்ளைகளைப் பற்றி நீங்களே எழுதிய வரியில் இருக்கிறது. ஐடிஐ முடித்தவருக்கு முதல் நாளே ஓர் இயந்திரம் கிடைத்துவிடுகிறது. தான் எதற்காக எடுக்கப்பட்டோம் என்பதும் அன்றைக்கு எத்தனை ஜாப் (கடையும் உதிரிபாகம்) முடித்தோம் என்பதும் மாலையில் அவருக்குத் தெரியும். பட்டதாரிக்கோ ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "கொஞ்ச நாள் எல்லாவற்றையும் சுற்றிப் பாருங்கள்" என்று விட்டுவிடுகிறோம். அவர் ஆபரேட்டரும் இல்லை, சூப்பர்வைசரும் இல்லை. ஒரு மாதத்திற்குள் சரக்கு வந்ததா என்று பார்த்துவரவும், எக்செல் தாளில் எண்களை ஏற்றவும், வாடிக்கையாளர் வந்தால் தேநீருக்குச் சொல்லவும் ஆன ஆளாக அவர் மாறிவிடுகிறார். தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போது, "அங்கே என்ன வேலை பார்க்கிறாய்?" என்று உறவினர்கள் கேட்பதற்குச் சொல்ல அவரிடம் பதில் இருப்பதில்லை.

ஆகவே இரண்டாவது வாரத்திலேயே அவருடையது என்று சொல்லத்தக்க வேலை ஒன்றைக் கொடுங்கள். உங்களிடம் அதிகம் ரிஜெக்‌ஷன் ஆகும் ஒரே ஒரு உதிரிபாகத்தை எடுத்துக்கொள்ளலாம். எந்த அளவில் தவறுகிறது, எந்த ஷிப்டில் தவறுகிறது, இன்செர்ட் (வெட்டும் முனை) மாற்றியதற்கு முன்பா பின்பா என்று நாள்தோறும் குறித்து, மாத இறுதியில் காரணத்தை அவரே உங்களிடம் நேரில் விளக்க வேண்டும். அவர் சொல்லும் காரணம் முதல் முறை தவறாகவே இருக்கலாம். அதனால் உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை.

அடுத்தது, சந்தேகம் கேட்பதற்கு ஒருவர். எல்லா நிறுவனங்களும் பெயருக்கு ஒரு வழிகாட்டியை நியமிக்கின்றன; ஆனால் அந்த வழிகாட்டியின் ஷிப்ட் இலக்கை யாரும் குறைப்பதில்லை. உற்பத்தி எண்ணிக்கையை வைத்தே ஒரு சூப்பர்வைசரை எடைபோட்டுவிட்டு, புதியவருக்கும் சொல்லிக்கொடு என்றால், அவர் கண்ணுக்கு ஒவ்வொரு கேள்வியும் குறைந்துபோன ஒரு ஜாப்பாகத்தான் தெரியும். முதல் மூன்று மாதங்களுக்கு, நாளொன்றுக்கு அரை மணி நேரத்தை அவருடைய இலக்கிலிருந்து கழித்து, அதை அவர் கண்முன்னே பலகையிலேயே எழுதிவிடுங்கள். பயிற்சிக்கு என்று நீங்கள் செலவிடும் பணம் உண்மையில் இந்த அரை மணி நேரம்தான்.

சம்பளத் தேதியையும் பாருங்கள். ஜூலை மூன்றாம் தேதி சேருபவருக்கு ஆகஸ்ட் ஏழாம் தேதி சம்பளம் என்றால், விடுதி முன்பணம், சாப்பாடு, பேருந்துச் செலவு ஆகியவற்றோடு ஐந்து வாரங்களை வீட்டுப் பணத்திலோ கடனிலோ அவர் கடக்க வேண்டும். முதல் வாரத்திலேயே ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்து, மூன்று தவணைகளில் பிடித்துக்கொள்ளலாம்.

பதில் 2: அரசூர், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, இரண்டாம் ஆண்டு

ஓய்வுபெற்ற ஐயா எழுதியதை மறுமுனையிலிருந்து உறுதிப்படுத்துகிறேன். தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். வேலையில் சேர்ந்தபோது எனக்குப் பெரும் பயம் வேலையைப் பற்றியது அல்ல. எதை யாரிடம் கேட்கலாம், கேட்டால் "நாலு வருடம் என்ன படித்தாய்?" என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான். கூடத்தில் எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்லும் சுருக்கப் பெயர்களில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்பு சேர்ந்த அக்கா ஒருவர், தன் முதல் மாதத்தில் எழுதி வைத்திருந்த பெயர்ப்பட்டியலைக் கொடுத்தார். அந்த இரண்டு பக்கங்கள் எனக்குச் செய்த உதவியை, மூன்று நாள் நடந்த அறிமுக வகுப்பு செய்யவில்லை. உங்கள் கூடத்தில் அப்படியொரு பட்டியல் இல்லையென்றால், இந்த ஆண்டு நிலைத்துவிட்டவர்களிடமே எழுதச் சொல்லுங்கள்.

பெண்களை எடுப்பதாக இருந்தால், கழிப்பறை எங்கே என்பதிலிருந்து, இரண்டாம் ஷிப்ட் முடிந்து விடுதிக்கு எப்படிப் போவது என்பதுவரை முதல் நாளே, அவர்கள் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எல்லா இடங்களிலும், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்ற தாளைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள்.

சான்றிதழை வாங்கி வைக்கும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எங்கள் விடுதித் தோழி ஒருத்தியின் அசல் சான்றிதழ்கள் அவளுடைய முன்னாள் நிறுவனத்தில் மாட்டிக்கொண்டு, மேற்படிப்புச் சேர்க்கையின் கடைசித் தேதியே கடந்துபோயிற்று. அந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் எங்கள் கல்லூரியில் இன்று ஒருவரும் நேர்காணலுக்குப் போவதில்லை.

பதில் 3: கணபதி, ஃபோர்மேன்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை சரிதான், ஆனாலும் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது வாரத்தில் சொந்த வேலை கொடுப்பது அளப்பதற்கும் எழுதுவதற்கும் பொருந்தும். சிஎன்சி (கணினி வழி இயங்கும் கடைசல்) இயந்திரத்தின் பேனலில் கை வைப்பதற்குப் பொருந்தாது. வெளிவிட்டம் 0.02 மில்லிமீட்டர் கூடுதலாக வந்தால், வேர் ஆஃப்செட்டில் (கருவியின் தேய்மானத்தை ஈடுகட்டப் பேனலில் கொடுக்கும் திருத்த அளவு) மைனஸ் 0.02 என்று போட வேண்டும். புதியவர் பதற்றத்தில் மைனஸை விட்டுவிட்டால் விட்டம் இன்னும் கூடும், திரும்பக் கடைந்து சரிசெய்துகொள்ளலாம். தசமப்புள்ளி ஓர் இடம் தள்ளி மைனஸ் 0.2 என்று விழுந்தால் ஜாப் நேரே குப்பைக்குப் போகும். அதனால் கழித்துப்போட்ட காஸ்டிங்குகளில் (வார்ப்புகளில்) பத்துப் பதினைந்தை அவர்களுக்கென்று ஒதுக்கி, ஷிப்ட் முடிந்து இயந்திரம் சும்மா இருக்கும் நேரத்தில், சிங்கிள் பிளாக்கில் வைத்து ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே தவறு செய்தால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமலே பலர் பட்டம் வாங்கி வருகிறார்கள் என்பதும் உண்மை. அதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கருவியை எத்தனையோ பேர் சுற்றி நின்று பார்த்திருப்பார்கள். முதல் வாரம் முழுக்க அளக்க மட்டும் விடுங்கள். தவறு நடந்தால் திட்டாமல் இருக்க எங்களால் முடியாது. ஆனால் ஆபரேட்டர்கள் காதில் விழும்படி ஒரு பயிற்சிப் பொறியாளரைத் திட்டினால், நாளைக்கு அவர் சொல்வதை அந்த ஆபரேட்டர்களில் ஒருவரும் கேட்க மாட்டார். தனியே அழைத்துத் திட்டுங்கள்.

பதில் 4: தொழிலாளர் சட்ட ஆலோசகர், திருப்பூர்

பத்திரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன் என்று தொடங்கினேன். இன்னும் இரண்டு செய்திகள் சேர்ந்துவிட்டன. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்ததை வைத்து, எல்லா முதலாளிகளும் பத்திரம் எழுதக் கிளம்பியிருக்கிறார்கள். அது பொதுத்துறை வங்கியின் மேலாளர் நிலைப் பதவி. விளம்பரம் செய்து, அகில இந்திய அளவில் ஆள் எடுக்கும் செலவு அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்பே தவிர, அப்படியே கைக்கு வந்துவிடும் தொகை அல்ல. எந்தப் பயிற்சியும் கொடுக்காத கூடம் எதை ஈடுகேட்கும்? சான்றிதழைப் பிடித்து வைப்பதற்கோ அந்தத் தீர்ப்பில் எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டாவது, 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2.5 முதல் 15 விழுக்காடுவரை பழகுநர்களை எடுப்பது கட்டாயம்; உங்கள் கணக்கில் இரண்டு முதல் ஒன்பது பேர். 2019-இல் பட்டதாரிப் பழகுநருக்கு 9,000 ரூபாய், டிப்ளமோ பழகுநருக்கு 8,000 ரூபாய் என்று குறைந்தபட்ச உதவித்தொகை வைத்தார்கள். நாட்ஸ் என்னும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிந்தால் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும். பழகுநருக்குப் பிஎஃப், இஎஸ்ஐ பொருந்தாது; விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்களுடையதே. பயிற்சித் திட்டம் எதுவும் இல்லாமல் உற்பத்திக்கு மலிவான ஆளாக நிறுத்துவதற்கு மட்டும் இந்த வழியைப் பயன்படுத்தாதீர்கள்.

பணியாளராகவே எடுப்பதானால், 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா நடப்பில் உள்ளது. முதன்முறையாகப் பிஎஃப்பில் சேருபவருக்கு ஒரு மாதச் சம்பளம், 15,000 ரூபாய் உச்சவரம்புடன், ஆறு மாதம் முடிந்த பின் ஒரு தவணையும் பன்னிரண்டு மாதம் முடிந்த பின் இன்னொரு தவணையுமாகக் கிடைக்கும். சேரும் நாளிலேயே இதை அவரிடம் சொல்லிவிட்டால், தீபாவளியில் அவர் போடும் கணக்கு கொஞ்சம் மாறக்கூடும்.

குறிச்சி தொழிற்கூடத்தார்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சான்றிதழ், பத்திரம் இரண்டையும் கைவிட்டேன். அரை மணி நேரக் கழிவைப் பற்றி ஒரு சந்தேகம்: ஒருவருக்கு இலக்கைக் குறைத்தால் மற்ற சூப்பர்வைசர்கள் மனம் கோணமாட்டார்களா?

ஓசூர், ஓய்வுபெற்ற மனிதவள மேலாளர்

கோணுவார்கள் ஐயா. "எனக்கும் ஒரு பயிற்சிப் பொறியாளரைக் கொடுங்கள்" என்று அவர்களில் யாராவது கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள். ஆனால் அந்தப் பொறியாளரிடம் வாரம் ஒருமுறை, கூடத்துக்கு வெளியே வைத்து, பத்து நிமிடம் நீங்களே நேரில் பேசுங்கள். அரை மணி நேரம் உண்மையில் அவருக்குப் போய்ச் சேருகிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.