புதுப்பிப்பு: ஆபீஸ் விருந்து விளையாட்டுகளில் எது எடுபட்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்ட ஆபீசின் தீபாவளி விருந்துக்கு, புதுசாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் ஓய்வுபெறப் போகும் கிராணி (எழுத்தர்) வரை 26 பேரும் சேர்ந்து ஆட என்ன வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கயிறு இழுப்பது நடக்கவில்லை. மூன்று மணிக்கே மழை, திடல் முழுக்கச் சேறு. உறியடியை ஐந்தடிக்குள், அதாவது கட்டடத்தின் முன் உள்ள கூரை போட்ட நடைபாதைக்குள், கொண்டுவந்தோம். பானைக்குப் பதில் மிட்டாய் நிரப்பிய அட்டைப்பெட்டியைக் கட்டச் சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி; சில்லு பொறுக்கும் வேலை மிச்சம்.

கலக்கியது, கடைசியாக ஒரு அண்ணன் சொன்ன சொங்காக்தான்; பல்லாங்குழி மாதிரியான மலாய் ஆட்டம். பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 7 கொட்டை, ஆக பலகைக்கு 98. புளியங்கொட்டையே போதும். ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் என்று மணியடித்தோம்.

எதிர்பாராதது: கிராணியின் அம்மா, பலகையின் ஓரத்தில் இருக்கும் 'வீடு' என்ற பெரிய குழியில் கொட்டை போடவே மாட்டேன் என்றுவிட்டார். அவர் சின்ன வயதிலிருந்து ஆடிய பல்லாங்குழியில் 14 குழிதான், வீடே கிடையாது. மலாய்த் தோழியோடு பத்து நிமிட வாக்குவாதம். அதைப் பார்க்கத்தான் பெரிய கூட்டம்! விதியை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டு பலகை எங்களுக்குப் பத்தவில்லை, குறைந்தது நான்கு வேண்டும்.