“விஷ வண்டு கடித்து…” கதண்டா, மலைத்தேனீயா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

புதுக்கோட்டைப் பக்கமிருந்து

மழைக்காலம் வந்தால் போதும், மாவட்டச் செய்தியில் இந்த வரி வந்துவிடும்: “விஷ வண்டு கடித்து நூறு நாள் வேலைக்குச் சென்ற பெண்கள் மருத்துவமனையில் அனுமதி.” எந்த வண்டு என்று எழுதுவதே இல்லை. கடித்தது என்பதும் தப்பு, கொட்டியது. நம்ம பக்கத்தில் கூட்டமாகக் கலைந்து ஆளை விரட்டிக் கொட்டுவது பெரும்பாலும் ரெண்டில் ஒன்று. கதண்டு, இல்லாவிட்டால் மலைத்தேனீ. ரெண்டும் ஒன்றல்ல. எது என்று தெரிந்தால்தான் எங்கே பார்ப்பது, யாரைக் கூப்பிடுவது, கொட்டின இடத்தில் முள்ளைத் தேடுவதா வேண்டாமா என்பதெல்லாம் தெரியும்.

கதண்டு குளவி இனம். கறுப்பு உடம்பு, வயிற்றில் அகலமாக ஒரு மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பட்டை, இடுப்பு ஒடுங்கி இருக்கும். ஒரு அங்குல நீளம். கூடு மெழுகு இல்லை, காகிதம். பட்டமரத்தையும் பழைய வேலிக்கம்பையும் சுரண்டி எச்சிலில் குழைத்துக் கட்டும். வெளியே பார்த்தால் பானை மாதிரி மூடி இருக்கும், சாம்பலும் பழுப்புமாக வரி வரியாக ஓடும், போய்வர ஒரே ஒரு ஓட்டை. உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கு. தொடக்கத்தில் ராணி ஒருத்தி மட்டும் எலுமிச்சம்பழ அளவில் கட்டுவாள். பானை அளவு வளர்ந்த பிறகுதான் ஊர்க்காரர்கள் கண்ணில் படுகிறது. அதற்குள் நூற்றுக்கணக்கில் பெருகி இருக்கும்.

மலைத்தேனீக்கு மூடியே கிடையாது. மரக்கிளையிலோ, மேல்நிலைத் தொட்டியின் அடியிலோ, கோபுரத்திலோ ஒரே ஒரு அடை, அரைவட்டமாகத் தொங்கும். அதன்மேல் தேனீக்கள் போர்வை போட்டதுபோல் மொய்த்திருக்கும். கிட்டே குளவியோ பறவையோ வந்தால் அந்தப் போர்வையில் அலை ஓடும். கீழிருந்து பார்த்தாலே தெரியும். அந்த அலை அடிக்கடி ஓடினால் கூடு கலவரத்தில் இருக்கிறது, கீழே நிற்காதீர்கள்.

தஞ்சை, ஒரத்தநாடு பக்கம்

எங்கள் பக்கத்தில் கதண்டு என்றாலே பனைமரம்தான். காவோலை வெட்டாமல் விட்ட பனையில் மட்டைக்கு உள்ளே கூடு மறைந்திருக்கும், கீழிருந்து தெரியாது. சுடுகாட்டுப் பாதை பெரும்பாலும் ஏரிக்கரை, குளத்தங்கரை வழியாகப் போகும், அங்கேதான் பனை நிற்கும். சவ ஊர்வலத்தில் சரவெடியை மரத்தடியில் கொளுத்துகிறார்கள். அதிர்ச்சி, புகை, காகிதத் துணுக்கு எல்லாம் சேர்ந்து கூட்டைத் தாக்கும். பாடை தூக்கினவர்களால் உடனே ஓட முடியாது, தோளில் பாரம். வயசானவர்கள் பின்தங்கிவிடுவார்கள். அதிகம் கொட்டு வாங்குவது இவர்கள்தான்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். குழி வெட்டப் போகிறவர்கள் காலையில் அந்தப் பாதையில் மரம் மரமாகப் பார்த்துவிட்டு வரட்டும். கூட்டைத் தேடாதீர்கள், பறக்கும் வழியைத் தேடுங்கள். வெயிலுக்கு எதிராக நின்று மரத்தின் தலையைப் பத்து நிமிஷம் பார்த்தால், ஒரே இடத்துக்கு ஒரே கோட்டில் போவதும் வருவதுமாக இருக்கும். அப்படி ஒரு மரம் இருந்தால் வெடியை ஊர் எல்லையோடு நிறுத்திவிட வேண்டியதுதான். தப்புப் பறையை மெதுவாக அடித்தாலும் அந்த மரத்தைத் தாண்டும் வரை அதையும் நிறுத்துவது நல்லது.

அரியலூர், நூறு நாள் வேலைப் பொறுப்பாளர்

அண்ணன் சொன்ன பறக்கும் வழி சரியான யோசனை. வரத்து வாய்க்கால் வேலையில் கூடு உயரத்தில் இருக்காது. இடுப்பு உயரப் புதரில், கருவேல முள்ளுக்குள், மதகுச் சுவரின் பொந்தில், சில சமயம் கரையில் எலி தோண்டின வளைக்குள்கூட இருக்கும். முதல் அரிவாள் வெட்டில் செடி குலுங்குவதுதான் ஆபத்து. கலைந்தபின் பார்த்துப் பயன் இல்லை.

வேலை ஆரம்பிக்கும் முன் ரெண்டு பேர் மட்டும் அன்றைக்கு வெட்டப்போகிற நீளத்தை நடந்து பார்க்கட்டும். மற்றவர்கள் தூரத்தில் நிற்கட்டும். நீளக் கம்பால் செடியைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதைச் செய்யாதீர்கள், கூட்டைக் கலைப்பதே அதுதான். கூடு தெரிந்தால் ரெண்டு பக்கமும் சிவப்புத் துணி கட்டி அந்தத் துண்டை விட்டுவிட்டு வேலையைத் தள்ளி ஆரம்பிக்கலாம். அளவு குறையும், கூலி குறையும் என்று பயந்துதான் அங்கேயே வெட்டுகிறார்கள். பொறுப்பாளர் பதிவேட்டில் காரணத்தை எழுதி ஓவர்சியரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.

கலைந்துவிட்டால்: சேலைத் தலைப்பால், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். கையை வீசாதீர்கள். அவை முகத்தையும் தலைமுடியையும் தேடித்தான் வரும். ஆளுக்கொரு திசையில் ஓடினாலும் கதவு இருக்கிற இடத்தை நோக்கி ஓடுங்கள், வீடோ கண்ணாடி ஏற்றின வண்டியோ. குளத்தில் குதிக்காதீர்கள். மூச்சு வாங்கத் தலையைத் தூக்கும்போது மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். விழுந்தவரைத் தூக்கப் போகிறவர் போர்வையோ சாக்கோ சுற்றிக்கொண்டு போக வேண்டும். வெறும் உடம்போடு போய் ரெண்டு பேராக விழுந்த செய்திகள்தான் அதிகம்.

நுவரெலியா, மலையகம்

எங்கட பக்கம் செய்தியில் “குளவிக்கொட்டு” என்றுதான் போடுவார்கள். தேயிலை மலையில் கொட்டுவது பெரும்பாலும் நீங்கள் சொல்லும் மலைத்தேனீதான், சிங்களத்தில் பம்பர. நிழல் மரத்தில் அடை கட்டியிருக்கும். கழுகு மோதிக் கலைந்தது என்று ஆட்கள் சொல்வது கற்பனை இல்லை. தேன்பருந்து அடையைக் கிழித்துப் புழுவைத் தின்ன வரும், பருந்து பறந்துபோன பிறகு கோபம் கீழே நிற்கிற ஆளின் மேல் இறங்கும்.

கொழுந்து எடுப்பவர்களுக்குக் கூடைதான் சிக்கல். கயிறு தலையில் மாட்டியிருக்கும், இடுப்பில் படங்குச் சாக்கு இறுக்கிக் கட்டியிருக்கும். சரிவில் ஓட வேறு வேண்டும். முதல் சத்தம் கேட்டதும் கயிற்றைத் தலையிலிருந்து பின்னால் தள்ளிக் கூடையை விட்டுவிடப் பழக வேண்டும். கொழுந்து போனால் போகட்டும். படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்தலாம். கூடு இருக்கிற மலைக்கு அன்றைக்கு ஆளை அனுப்பாமல் இருப்பதை காலையில் பிரட்டிலேயே (ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்திலேயே) முடிவு செய்ய வேண்டும், மலைக்குப் போன பிறகு இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், கரூர்

முள் பற்றி முதலில். தேனீ கொட்டினால் கொடுக்கு நஞ்சுப்பையோடு தோலில் நின்றுவிடும், பை தானாகத் துடித்து நஞ்சை உள்ளே தள்ளும். ஒரு நிமிஷத்துக்குள் பெரும்பகுதி இறங்கிவிடும். அதனால் நகத்தாலோ எதனாலோ உடனே எடுங்கள். சுரண்டுவதா பிடுங்குவதா என்று யோசிக்கிற நேரம்தான் நஷ்டம். கதண்டு கொடுக்கை விட்டுப்போகாது, ஒன்றே பல தடவை கொட்டும். அங்கே முள் தேட வேண்டியதில்லை.

சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். சுண்ணாம்பு தடவாதீர்கள், தோல் வெந்துபோகும், நஞ்சு குறையாது. மோதிரம், வளையல், மெட்டியை வீக்கம் ஏறும் முன் கழற்றுங்கள்.

கொட்டின இடம் மட்டும் வீங்குவது வேறு. உடம்பு முழுக்கத் தடிப்பு, குரல் கம்முதல், மூச்சில் விசில் சத்தம், வாந்தி, தலைசுற்றல் என்றால் ஒவ்வாமை அதிர்ச்சி. ஒரே ஒரு கொட்டிலும் வரும், பெரும்பாலும் அரை மணிக்குள். 108-ஐ அழையுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடாதீர்கள். இதற்கு மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். அவில் (ஒவ்வாமை மருந்து), டெக்ஸா (ஸ்டீராய்டு) ஊசிகள் இதற்கு மாற்று கிடையாது. சரியானவர்களையும் சில மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும், மறுபடி வரலாம்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. நிறையக் கொட்டு வாங்கியவர் அன்று நன்றாக இருப்பார், வீட்டுக்குப் போய்விடுவார். நஞ்சு தசையையும் ரத்த அணுக்களையும் உடைப்பதால் ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் பாதிக்கும். ஐம்பதுக்கு மேல் கொட்டு என்றால் ஒரு நாளாவது மருத்துவமனையில் இருங்கள். குழந்தைக்கும் கதண்டுக்கும் அதைவிடக் குறைவே போதும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ அளவு குறைந்தாலோ உடனே திரும்பி வாருங்கள். பாம்புக்கடிக்கு இருப்பதுபோல் இதற்கு நம்மிடம் விஷமுறிவு மருந்து இல்லை.

தீயணைப்புப் பணி தெரிந்தவர்

கதண்டுக் கூடு என்றால் 101 அல்லது 112. பகலில் வந்து இடம் மட்டும் பார்த்துவிட்டு, அழிப்பது இருட்டின பிறகுதான். பகலில் பாதிக் கூட்டம் வெளியே இருக்கும், திரும்பி வந்து கூடு இல்லாமல் ரெண்டு மூன்று நாள் அங்கேயே சுற்றும். இரவில் எல்லாம் உள்ளே அடங்கும். ஆனால் வெளிச்சத்துக்கு வரும். அதனால் டார்ச்சைக் கையில் பிடிக்காமல் தள்ளித் தரையில் வைத்து, சிவப்புக் காகிதம் சுற்ற வேண்டும். சிவப்பு அதுகளுக்குச் சரியாகத் தெரியாது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் செல்போன் விளக்கை அடிப்பதுதான் எங்கும் தொல்லை.

இளைஞர்கள் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவதை நிறுத்துங்கள். காய்ந்த மட்டை பிடித்துப் பக்கத்துக் கூரைக்குத் தாவும், கூடும் முழுசாக எரியாது.

தேனீப்பெட்டி வைத்திருப்பவர், கன்னியாகுமரி

மேலே சொன்னது கதண்டுக்கு. மலைத்தேனீக்குத் தயவுசெய்து நெருப்பு வேண்டாம். அது பூப்பருவத்துக்கு வந்து சில மாதத்தில் தானே கிளம்பிவிடும். தென்னை, புளி, இலவம் எல்லாவற்றுக்கும் மகரந்தம் சுமப்பது அது. கொளுத்தினால் தப்பினவை விடிந்ததும் தெருவில் போகிறவரைக் கொட்டும்.

ஒரு தேனீ கொட்டும்போதே வாழைப்பழ வாசனை மாதிரி ஒன்று வரும். அது மற்றவைக்கு அழைப்பு. சட்டையில் அது ஒட்டியிருக்கும், அதனால்தான் கொட்டு வாங்கியவர் திரும்ப அந்தப் பக்கம் போனால் அவரையே தேடி வரும். சட்டையை மாற்றாமல் செருப்பு எடுக்கப் போகக் கூடாது.

தண்ணீர்த் தொட்டியில் அடை இருந்தால் ஏணிக்குப் பூட்டுப் போட்டு, தொட்டி ஆபரேட்டரிடம் சொல்லி, கழுவுவதை அடை காலியாகும் வரை தள்ளிவைக்கலாம். அடியில் இருக்கும் குழாயடியை மட்டும் தற்காலிகமாக வேறிடம் மாற்றினால் போதும். கிளம்பினபின் வெற்று அடையை அறுத்து, சிமெண்ட்டில் ஒட்டின மெழுகுக் கோட்டையும் சுரண்டி வெள்ளை அடித்துவிடுங்கள். மெழுகு வாசனை இருந்தால் அடுத்த வருஷமும் அதே இடத்துக்கு வரும்.