தம்பி அனுப்பிய ரியூ வீடியோவுக்கு எப்படிக் கருத்து சொல்றது? டிபி வரவே மாட்டேங்குது (அவசரம்)

செந்தூல்காரன்
வணக்கம். சித்தப்பா பையன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் (சண்டை கேம்) மேட்ச் வீடியோ அனுப்பி, எங்க தப்புன்னு கேட்டான். அவன் ஆடுற ஆள் ரியூ. எதிராளி குதிச்சா ஒவ்வொரு தடவையும் அடி வாங்குறான். ‘டிபி (குதிச்சு வர்றவனை மேல பாய்ஞ்சு குத்துற ஸ்பெஷல் அடி) போடு’ன்னா ‘போட்டேண்ணே, வரலை’ங்கிறான். போன வாரம் பெரிய லிஸ்ட் எழுதி அனுப்பினேன், அதுக்கப்புறம் ஆட்டம் இன்னும் மோசம். சனிக்கிழமை பட்டர்வொர்த்ல போட்டி. சீக்கிரம் சொல்லுங்க.

பிறை_பட்டன்
ரியூன்னு தலைப்புல இருக்கு, எந்தப் பாகம்? கன்ட்ரோல் கிளாசிக்கா, மாடர்னா (ஒரே பட்டன்ல ஸ்பெஷல் அடி வர்றது)? பேடா, ஸ்டிக்கா, லீவர்லெஸ்ஸா (ஸ்டிக் இல்லாம பட்டன் மட்டும்)? ஆன்லைன் மேட்சா? முக்கியமா, ‘வரலை’ன்னா என்ன வந்துச்சு? ஹடோகென் (தூரத்துக்குப் பறக்கிற பந்து) வந்துச்சா, வெறும் பஞ்ச்சா, ஒண்ணுமே வரலையா? மூணுக்கும் மருந்து வேற வேற.

லேக்_வைத்தியர்
வைஃபையாத்தான் இருக்கும். ரோல்பேக்ல (நெட் தாமதத்தை மறைக்க கேம் யூகிச்சு ஓட்டிட்டு அப்புறம் திருத்துறது) எதிராளி குதிக்கிற முதல் சில ஃபிரேம் (ஒவ்வொரு படம்) திரையில வராமலே போயிடும், பாதி வானத்துல இருக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். முதல்ல கேபிள் போடச் சொல்லுங்க. டிவியில கேம் மோட் ஆன் பண்ணியிருக்கானா?

ஆர்கேட்_பெருசு
வைஃபை, டிவி எல்லாம் சாக்கு. டிபி வரலைன்னா கை பழகலை, அவ்வளவுதான். ட்ரெய்னிங் மோட்ல ரெண்டு பக்கமும் நூறு நூறு போடச் சொல்லு. இதுகூடத் தெரியாம அடுத்தவனுக்குக் கருத்து சொல்லக் கூடாது தம்பி.

செந்தூல்காரன்
சாரி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, கிளாசிக், பிஎஸ்5 பேட், ஆன்லைன். சில நேரம் ஹடோகென் வருது, சில நேரம் ஒண்ணுமே இல்லை.

ஜெலுத்தோங்_ஜாப்
பெருசு, சும்மா நிக்கிற டம்மி (பயிற்சி ஆள்) மேல நூறு டிபி போட்டா கை பழகும், ஆனா எப்பப் போடணும்னு கண்ணுக்குத் தெரியாது.

செந்தூல்காரரே, ரீப்ளேயைத் திறந்து இன்புட் டிஸ்ப்ளே (என்ன அழுத்தினான்னு காட்டும்), ஃபிரேம் மீட்டர் (ஆள் எந்த ஃபிரேம்ல என்ன நிலையில இருக்கான்னு காட்டும்) ரெண்டையும் ஆன் பண்ணுங்க. அவன் அடி வாங்கின குதிப்பை ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க.

ஹடோகென் வந்த இடத்துல இன்புட்டைப் படிங்க. டிபிக்கு ‘முன், கீழ், கீழ்முன்’னு திசை வரிசை வேணும். அவன் கீழ்ப்பின் பிடிச்சு உட்கார்ந்து காத்துக்கிட்டிருப்பான். பதற்றத்துல கட்டைவிரல் அங்கிருந்து நேரா கீழே உருண்டு முன்னே போயிடும். முதல் ‘முன்’ பதிவே ஆகியிருக்காது. கீழ், கீழ்முன், முன்னு வந்தா அது ஹடோகென்தான். இது கை தப்பு. குதிப்பைப் பார்த்ததும் ‘முன்’னை அழுத்தி எடுத்துட்டு அப்புறம் உருட்டுன்னு சொன்னாப் போதும். எதிராளி தலையைத் தாண்டி மறுபக்கம் வந்தா முன்பின் மாறிடும், அந்தக் குதிப்பைக் கணக்குல சேர்க்காதீங்க.

ஒண்ணுமே வராத இடந்தான் பெரிய விஷயம். அங்க ஃபிரேம் மீட்டரைப் பாருங்க. ஒரு நொடிக்கு 60 ஃபிரேம். ஒரு குதிப்பு ஏறத்தாழ 45 ஃபிரேம், அதாவது முக்கால் நொடி. ஹடோகென் விட்டு முடிச்சு ரியூ விடுபடவும் கிட்டத்தட்ட அதே நேரம். விடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியோ விடும்போதோ எதிராளி குதிச்சிட்டா, எந்தக் கையாலயும் டிபி வராது. பட்டன் அழுத்தினது உண்மை, ரியூ இன்னும் ரெகவரியில (அடி விட்டுட்டு வேற எதுவும் செய்ய முடியாத நேரம்) இருந்ததும் உண்மை. ‘போட்டேண்ணே, வரலை’ங்கிறதுல பையன் பொய் சொல்லலை. தப்பு டிபியில இல்லை, எதிராளிக்குக் குதிக்கத் தோதான தூரத்துல நின்னு ஒரே தாளத்துல ஹடோகென் விட்டதுல இருக்கு.

ரியூ சும்மா நின்னும் இன்புட் வரலைன்னாதான் அது கண் பிரச்சினை.

கிள்ளான்_கிக்
மாடர்னுக்கு மாத்திடச் சொல்லுங்க லா. முன் பிடிச்சு ஸ்பெஷல் பட்டன், டிபி ரெடி.

ஆர்கேட்_பெருசு
அது ஆட்டமே இல்லை.

கிள்ளான்_கிக்
போட்டியில அனுமதி இருக்கு பாஸ். ஒரு பட்டன் ஸ்பெஷலுக்கு டேமேஜ் 20 சதவீதம் குறையும், விலை கொடுத்துத்தான் வாங்குறோம்.

பிறை_பட்டன்
டேமேஜ் மட்டும் இல்லை, மாடர்ன்ல சில நார்மல் (சாதா) அடிகளே கிடையாது. சனிக்கிழமை போட்டிய வச்சுக்கிட்டு கன்ட்ரோல் மாத்துறது வேண்டாம். அதோட ஹடோகென் ரெகவரியில மாட்டினவனுக்கு மாடர்ன்லயும் டிபி வராது.

லேக்_வைத்தியர்
கேபிள் போட்டாச்சான்னு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

செந்தூல்காரன்
சரி, கண்டுபிடிச்சிட்டேன்னு வைங்க, அவன்கிட்ட எப்படிச் சொல்றது? போன தடவை கம்போ, த்ரோ, டிரைவ் ரஷ்னு எல்லாம் எழுதினேன்.

ஜெலுத்தோங்_ஜாப்
அதனாலதான் மோசமாச்சு. மேட்ச் நடுவுல ஒரு விஷயத்துக்கு மேல ஞாபகம் வைக்க முடியாது. எது அதிகம் வருதோ அதை மட்டும் எடுங்க, மத்ததைப் போட்டிக்கு அப்புறம் பேசலாம்.

வீடியோ நேரத்தோட எழுதுங்க. இந்த மாதிரி: “ரெண்டாவது ரவுண்ட், டைமர் 61. நீ ஹடோகென் விடும்போது அவன் எங்க நின்னான்? அதுக்கு முன்னாடி எத்தனை விட்டே? 48-ல விடாம நின்னே, அவன் குதிச்சான், டிபி சுத்தமா வந்துச்சு. அந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு.” கேள்வி கேட்டா அவனே பார்ப்பான். ‘டிபி போடு’ங்கிறது அவனுக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயம். சரியா செஞ்ச இடத்தைக் காட்டுறது முகஸ்துதிக்காக இல்லை, எதைத் திரும்பச் செய்யணும்னு அவனுக்குத் தெரியணும்.

பயிற்சிக்கு டம்மியில மூணு ரெக்கார்டிங்: ஒண்ணுல முன்னே குதிச்சு ஹெவி கிக், ஒண்ணுல முன்னே நடந்து வந்து காக்குறது, ஒண்ணுல ஹடோகென். ரேண்டமா ஓட விட்டு, எதிர்ல இருந்து உட்கார்ந்த மீடியம் கிக் போட்டுக்கிட்டே இருக்கணும். குதிப்பு வந்தா மட்டும் டிபி. நடந்து வரும்போதும் டிபி போட்டா அது யூகம், பார்த்துப் போட்டது இல்லை. டிபி கைக்கு வர்ற வரைக்கும் உட்கார்ந்த ஹெவி பஞ்ச் வச்சுச் சமாளிக்கலாம், ரியூவுக்கு அது நல்ல வான்தடுப்பு.

ஆர்கேட்_பெருசு
அந்த ரெக்கார்டிங் யோசனை சரி. அதையும் ரெண்டு பக்கமும் நின்னு செய்யணும்.

செந்தூல்காரன்
ரீப்ளே பார்த்தேன். பாதிக்கு மேல ஹடோகென் ரெகவரிதான். அதை மட்டும் எழுதி அனுப்பிட்டேன். நன்றி அண்ணே.

லேக்_வைத்தியர்
கேபிள்?