ஜைரோ போட்டுப் பழகியவரைத் தனியாகப் பறக்க விடலாமா? திருவலம் மைதானத்துக்கு ஒரு விதி வேண்டும்

காட்பாடி பால்சா:
போன ஞாயிறு காலை வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திருவலத்துக்கு இந்தப் பக்கம் ரேடியோவில் (கையில் பிடிக்கிற ரிமோட்டில்) நாம் மாதிரி விமானம் பறக்க விடுகிற நிலக்கடலை அறுத்த கொல்லையில், மூன்று மாதமாக நம்மோடு வருகிற தம்பி ஒருவர் தன் தெர்மோகோல் ஹைவிங் (இறக்கை உடலுக்கு மேலே இருக்கும்) விமானத்தை இறக்க வந்தார். 1.2 மீட்டர் இறக்கை. உள்ளே ஜைரோ (விமானம் சாய்வதை உணர்ந்து திருத்துகிற சிறு கருவி), தானே கிடையாக நிறுத்திக்கொள்ளும் மோடில். மேற்கிலிருந்து காற்று. ஓடுபாதைக்கு நாற்பது அடி இருக்கும்போதே வேகம் செத்துவிட்டது. இடது இறக்கை சரிந்தது, அப்படியே சுழன்று பக்கத்துக் கரும்பில் விழுந்தது. அம்முண்டி ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு, நல்ல வேளை அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவருக்கும் விமானம் விழுந்த இடத்துக்கும் பத்து மீட்டர்தான். அதை நினைத்து இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை.

நான் கேட்பது ஒரே விதி. ஜைரோவை அணைத்துவிட்டுப் பத்து முறை ஒழுங்காகத் தரையிறக்கிக் காட்டிய பிறகுதான் ஒருவர் தனியாகப் பறக்க வேண்டும். அதுவரை பக்கத்தில் இன்னொரு ரேடியோவோடு தெரிந்தவர் நிற்க வேண்டும்.

காரணம் இதுதான். வேகம் குறைந்து இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாமல் போவதுதான் ஸ்டால். அப்போது ஒரு பக்கம் முதலில் சரியும். ஜைரோவுக்குத் தெரிவதெல்லாம் 'சாய்கிறது' என்பது மட்டும்தான். சரிகிற பக்கத்து எய்லரானை, அதாவது இறக்கையின் பின் விளிம்பில் அசைகிற தகட்டை, கீழே மடக்கும். வேகம் இருந்தால் அந்த இறக்கை தூக்கிக்கொள்ளும். ஸ்டாலில் இருக்கிற இறக்கைக்கு அது கோணத்தை இன்னும் கூட்டிவிடும், சரிவு ஆழமாகும். காப்பாற்ற வந்ததே கீழே தள்ளிவிடும்.

வாலாஜா அம்மா:
பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் இந்த விதியை என்னால் ஏற்க முடியாது அண்ணே.

என் மகளுக்குப் பதிமூன்று வயது. முதல் வாரம் ஜைரோ இல்லாமல் ஆரம்பித்தோம். ஒன்பது நாளில் இரண்டு விமானம். இரண்டாவது உடைந்த அன்று வீட்டுக்கு வந்து ரேடியோவைப் பீரோ மேல் வைத்தவள், ஒரு மாதம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜைரோ போட்ட மூன்றாவது விமானம்தான் அவளைத் திரும்ப மைதானத்துக்குக் கூட்டிவந்தது. இன்று அவளே சர்வோ (தகடுகளை அசைக்கிற சிறு மோட்டார்) மாற்றுகிறாள், சால்டரிங் செய்கிறாள். உங்கள் விதி அன்று இருந்திருந்தால் அவள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பாள்.

இன்னொன்று. 'தெரிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும்' என்கிறீர்கள். யார் நிற்பது? தெரிந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். நீங்கள் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருகிறீர்கள்.

ராணிப்பேட்டை ரேட்மோட்:
பால்சா அண்ணன் ஸ்டாலைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் குற்றவாளி ஜைரோ இல்லை, மோடு.

ஜைரோவில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று ரேட் மோடு: காற்று தட்டும்போது அந்த ஆட்டத்தை மட்டும் அடக்கும், விமானம் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதில் தலையிடாது. நீங்கள் சாய்த்தால் சாய்ந்தபடியே போகும், நிமிர்த்துவது உங்கள் வேலை. இன்னொன்று செல்ஃப் லெவல்: ஸ்டிக்கை விட்டால் தானே கிடையாகிவிடும், ஓர் அளவுக்கு மேல் சாயவும் விடாது. தம்பி மூன்று மாதமும் இரண்டாவதிலேயே இருந்துவிட்டார். ரேட் மோடில் பறக்கிறவர் எல்லாத் திருத்தத்தையும் தானேதான் செய்கிறார்.

1914இல் அமெரிக்க விமானி லாரன்ஸ் ஸ்பெர்ரி பாரிஸ் அருகே தன் விமானத்தில் ஜைரோ ஸ்டெபிலைசரைப் போட்டு, விமானப் பாதுகாப்புப் போட்டி நடுவர்களுக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அவருடைய மெக்கானிக் இறக்கை மேல் ஏறி நடந்தார். அன்றிலிருந்து இன்று வரை பெரிய விமானத்தில் யாரும் அதைக் கழற்றச் சொல்லவில்லை. நாம் மட்டும் ஏன்?

காட்பாடி பால்சா:
ஸ்பெர்ரி கையைத் தூக்கியது பறக்கக் கற்ற பிறகு. ஜைரோ கைவிட்டால் கையை இறக்கிப் பிடிக்க அவருக்குத் தெரியும். நான் கேட்பது அந்த அளவுதான்.

மோடு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், அதை நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் கவலை விரலைப் பற்றியது இல்லை, கண்ணைப் பற்றியது. விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடம் வலமாகும். நான் பழகிய காலத்தில் ரேடியோவெல்லாம் 72 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் (அலைவரிசையை முடிவு செய்கிற சிறு பாகம்). ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஆன் செய்தால் ஒருவருடைய விமானம் போச்சு. அதனால் பலகையில் துணி கிளிப் மாட்டி வைத்து, கிளிப் யாரிடமோ அவர் மட்டும்தான் ஆன் செய்வார். அன்று என் குரு சொல்லிக்கொடுத்தது: 'உன்னைப் பார்த்து வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு, முட்டுக் கொடுக்கிற மாதிரி.' பத்து நாள் அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு பறந்தேன். பதினோராவது நாள் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கை தானாகப் போனது. செல்ஃப் லெவலில் பழகுகிறவருக்கு இறக்கை தாழ்வதே இல்லை. தாழாத இறக்கையைக் கண் எப்படிப் பழகும்?

குடியாத்தம் கிளைடர்:
இரண்டு பக்கமும் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். கிடையாகத் திரும்புவதற்கு எலக்ட்ரானிக்ஸே வேண்டாம். இறக்கை இரண்டையும் நடுவிலிருந்து 'வி' மாதிரி மேலே தூக்கி ஒட்டுங்கள். டைஹெட்ரல். ஒரு பக்கம் சாய்ந்தால் விமானம் அந்தப் பக்கம் வழுக்கும், தாழ்ந்த இறக்கைக்கு அதிகத் தூக்கு கிடைக்கும், தானே நிமிரும். எய்லரானே வேண்டாம், ரட்டரும் (வாலில் இடம் வலம் திருப்புகிற தகடு) எலிவேட்டரும் (வாலில் மூக்கை ஏற்றி இறக்குகிற தகடு) மோட்டாரும் போதும். முக்கியமாக, இது மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்வதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். பால்சா அண்ணன் கேட்கிற கண் பழக்கமும் வரும், வாலாஜா அக்கா கேட்கிற பொறுமையும் கிடைக்கும்.

போன தை மாதம் மேலே இரண்டு கருடன்கள் இறக்கை அடிக்காமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. கிளைடரை அவற்றுக்குக் கீழே கொண்டுபோய் மோட்டாரை நிறுத்தினேன், பதினேழு நிமிடம் என் கிளைடர் அவற்றோடு சுற்றியது. ஜைரோ கிடையாது.

வாலாஜா அம்மா:
தை மாதம் சரி. இப்போது ஆனி முடியப்போகிறது, அடுத்தது ஆடி. அந்தக் காற்றில் மூன்று சேனல் (ரட்டர், எலிவேட்டர், மோட்டார் மட்டும்) கிளைடரை எட்டு மணிக்கு மேல் தூக்கினால் அது பொன்னை ஆற்றைத் தாண்டிப் போய்விடும். என் மகளுக்குப் பள்ளி, ஞாயிறு மட்டும்தான் நேரம்.

ஆம்பூர் புதுசு:
நடுவில் ஒரு சந்தேகம். ஜைரோ போட்டால் சட்டப்படி அது டிரோன் ஆகிவிடுமா? அதற்குத் தனி உரிமம் ஏதாவது?

ராணிப்பேட்டை ரேட்மோட்:
ஜைரோவை வைத்து எந்தப் பிரிவினையும் இல்லை. 2021 டிரோன் விதிகளில் நம்முடையது மாதிரி விமானம் என்ற வகை: 25 கிலோவுக்குள், பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மட்டும். இதற்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை. நீங்கள் ஆம்பூர்ப் பக்கம் புது இடம் பிடித்தால் முதலில் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைப் பாருங்கள். வேலூருக்கு அருகே அப்துல்லாபுரம் விமான நிலையம் இருக்கிறது, அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. மின்கோபுரங்களையும் பாருங்கள். திருவலத்தில் 765 கேவி துணை மின்நிலையம் இருப்பதால்தான் நாங்கள் அந்தக் கம்பிகளை விட்டு இவ்வளவு தள்ளிக் கொல்லை பிடித்தோம்.

சேவூர் விமானி:
விழுந்தது என் விமானம்தான். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவரிடம் அன்றே போய் மன்னிப்புக் கேட்டேன்.

இறங்கும்போது ஓடுபாதை எட்டாது என்று தோன்றியது. அதனால் எலிவேட்டரை என் பக்கம் இழுத்தேன். முழுக்க இழுத்தபடியே வைத்திருந்தேன். விமானம் ஆடவே இல்லை, படம் மாதிரி நேராக இருந்தது. நேராக இருக்கிறதே, எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். வேகம் போனது எனக்குத் தெரியவே இல்லை. த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தை, கொஞ்சம் ஏற்றியிருந்தால் போதும் என்று இப்போது தெரிகிறது.

ராணிப்பேட்டை ரேட்மோட்:
சொன்னதற்கு நன்றி தம்பி, இது பெரிய உதவி. ஒரு கேள்வி. அன்று எந்த பேட்டரி போட்டிருந்தாய்?

சேவூர் விமானி:
வழக்கமாக 3எஸ் 2200 (மூன்று செல், 2200 எம்.ஏ.எச். லித்தியம் பேட்டரி). வெயிலில் வண்டி டிக்கியில் வைத்து அது உப்பிவிட்டது. அதனால் நண்பனிடம் 3எஸ் 1300 வாங்கி, அதே இடத்தில் வைத்தேன்.

ராணிப்பேட்டை ரேட்மோட்:
அப்படியானால் இதுதான் விஷயம். 2200க்கும் 1300க்கும் எடை வித்தியாசம் எழுபது கிராம் பக்கம் வரும். அதுவும் மூக்கில். விமானத்தை இறக்கைக்கு அடியில் இரண்டு விரலில் தாங்கிப் பார்த்தாயா? முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சமநிலை நிற்க வேண்டும். உன்னுடையது பின்னால் போயிருக்கும். வால் கனத்த விமானம் எலிவேட்டரைத் தொட்டாலே துள்ளும், சீக்கிரம் ஸ்டாலாகும். ஜைரோ இல்லாமல் எடுத்திருந்தால் முதல் பத்து வினாடியிலேயே உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஜைரோ அந்தத் துள்ளலை முழுக்க அடக்கி, நல்ல விமானம் மாதிரிக் காட்டியிருக்கிறது.

இதை எழுதும்போதே தெரிகிறது, பால்சா அண்ணன் பக்கம் நியாயம் நான் நினைத்ததைவிட அதிகம். பறக்கிறவரின் தப்பை மட்டும் இல்லை, விமானத்தின் தப்பையும் ஜைரோ மூடி வைக்கிறது.

காட்பாடி பால்சா:
பேட்டரி விஷயம் எனக்கும் தோன்றவில்லை. தம்பி, உடைந்ததைக் கொண்டுவா, சேர்த்து ஒட்டலாம். குளூ கன் வேண்டாம், நம் ஊர் வெயிலில் அந்தப் பசை இளகிவிடும், எபாக்ஸி கொண்டுவருகிறேன். உப்பின பேட்டரியைத் திரும்பச் சார்ஜில் போட்டுவிடாதே.

வாலாஜா அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல்தான் விதியை எழுதிவிட்டேன். ஆள் இல்லாத விதி பிள்ளைகளை விரட்டும். இனி ஆவணி முடியும் வரை எல்லா ஞாயிறும் வருகிறேன். என் இரண்டு ரேடியோவும் கம்பி இல்லாமல் பேசிக்கொள்ளும். குருவின் ரேடியோவில் ஒரு ஸ்விட்ச், அதை விரலால் இழுத்துப் பிடித்திருக்கும் வரை விமானம் பிள்ளையின் கையில். விட்டால் என் கையில். பயந்து கத்தக்கூட நேரம் வேண்டாம்.

வாலாஜா அம்மா:
நன்றி அண்ணே. அப்படியென்றால் நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். மகளிடம் படித்துக்காட்டினேன். 'ஜைரோவை அணைத்தால் என்ன ஆகும் என்று எனக்கே பார்க்க ஆசைதான், ஆனால் தரைக்குப் பக்கத்தில் வேண்டாம்' என்கிறாள்.

ராணிப்பேட்டை ரேட்மோட்:
அவள் சொல்வதுதான் சரியான வரிசை. மூன்று நிலை ஸ்விட்ச் போட்டுத் தருகிறேன்: செல்ஃப் லெவல், ரேட், அணைப்பு. எண்பது மீட்டர் உயரத்தில் அணைத்துவிட்டு, த்ராட்டிலைக் குறைத்து, வேண்டுமென்றே ஸ்டால் செய்ய வைக்கலாம். மூக்கு தொங்கும், எலிவேட்டரை விட்டு த்ராட்டில் கொடுத்தால் எழும். பத்து தடவை. ஆனால் அதற்கு முன் தரையில் ஒரு சோதனை, இதை யாரும் விடக்கூடாது: ஜைரோவை ஆன் செய்து விமானத்தைக் கையில் பிடித்து இடப்பக்கம் சாய்த்தால் இடது எய்லரான் கீழே இறங்க வேண்டும். மூக்கைக் குனிய வைத்தால் எலிவேட்டர் மேலே ஏற வேண்டும். தலைகீழாகச் செய்தால் அன்று பறக்கவே கூடாது.

காட்பாடி பால்சா:
உயரத்தில் ஸ்டால் பயிற்சி, ஏற்கிறேன். ஆனால் தனியாகப் பறப்பதற்கு முன் ஜைரோ இல்லாத தரையிறக்கம் வேண்டும் என்பதிலிருந்து நான் மாறவில்லை. பறக்கிறபோது ஜைரோ வயர் கழன்றால் அவள் இறக்க வேண்டியது தரையில்தான், எண்பது மீட்டரில் இல்லை.

வாலாஜா அம்மா:
பத்து என்ற கணக்கை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று முடியட்டும், பிறகு பேசலாம்.

குடியாத்தம் கிளைடர்:
ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு வந்துவிடுங்கள், ஏழரை வரை காற்று இருக்காது. என் டைஹெட்ரல் விமானத்தையும் எடுத்துவருகிறேன், பிள்ளை இரண்டையும் பறந்து பார்க்கட்டும். ஆட்டுக்காரப் பெரியவரிடம் நேற்றே பேசினேன். ஏழரைக்கு மேல்தான் அந்த வரப்புக்கு வருவேன் என்றார். ஆனாலும் ஓடுபாதையின் அந்தப் பக்கத்தில் நம்மில் ஒருவர் விசிலோடு நிற்க வேண்டும். இந்த வாரம் நான் நிற்கிறேன்.